பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் மருத்துவமனைத் தொற்றைத் தடுத்தல்: செவிலியர்களுக்கான முழுமையான வழிகாட்டி

கருவுற்ற 28ஆவது வாரத்திலேயே, ஒரு கிலோ எடைகூட இல்லாமல் பிறந்துவிட்ட குழந்தையைக் காப்பாற்ற நாம் செய்யும் செயல்கள் பலவும் அதன் உடலுக்குள் கிருமிகள் நுழைய வழி திறந்துவிடுபவையாகவும் இருக்கின்றன. மூச்சுக்குழாயில் செருகிய குழாய், தொப்புள் வழியே இரத்தக்குழாய்க்குள் ஏற்றிய கதீட்டர் என்னும் மெல்லிய குழாய், வயிற்றுக்குப் பால் செல்லும் குழாய், இரத்தம் எடுக்கக் குதிகாலில் இட்ட குத்து, தோலில் ஒட்டிய டேப் ஆகிய எதையும் தவிர்த்துவிட்டு இந்தப் பிரிவில் வேலை நடக்காது. ஆனால் அவற்றை எத்தனை முறை தொடுகிறோம், எப்படித் திறக்கிறோம், எத்தனை நாள் உடலில் விட்டு வைக்கிறோம் என்பவை பெரும்பாலும் செவிலியரின் கையில் இருக்கின்றன. இந்த வழிகாட்டியில் வரும் படிகள் எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான்: தேவையற்ற தொடுதலையும் தேவை முடிந்த குழாயையும் முதலில் நீக்க வேண்டும், எஞ்சியவற்றைத் தூய்மையாகச் செய்ய வேண்டும். பல பிரிவுகளில் இந்த வரிசை தலைகீழாக இருப்பதைக் காண்கிறேன். குழாயைப் பராமரிப்பதில் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட அதை எடுத்துவிடுவதில் காட்டுவதில்லை.

குறைமாதக் குழந்தை ஏன் இவ்வளவு எளிதில் தொற்றுக்கு ஆளாகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பின்வரும் விதிகளின் காரணம் விளங்கும். தாயின் உடலிலிருந்து குழந்தைக்குச் செல்லும் எதிர்ப்பாற்றல் புரதங்களில் பெரும்பகுதி கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான் நஞ்சுக்கொடி வழியே கடக்கிறது. முன்கூட்டியே பிறக்கும் குழந்தை அந்தப் பங்கைப் பெறாமலேயே வெளியே வருகிறது. அதன் தோலின் மேலடுக்கு மிக மெல்லியது. ஓரளவு உறுதிப்பட இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். தாயின் தோலிலிருந்தும் பாலிலிருந்தும் குடியேற வேண்டிய நல்ல நுண்ணுயிர்களுக்குப் பதிலாக, பிரிவுக்குள் உலவும் நுண்ணுயிர்கள் அதன் தோலிலும் குடலிலும் முதலில் இடம்பிடித்துக் கொள்கின்றன. பிறந்து 72 மணி நேரத்துக்குப் பின் தோன்றும் செப்சிஸை, அதாவது உடல் முழுவதையும் பாதிக்கும் கடும் தொற்றை, தாமதமாகத் தோன்றும் செப்சிஸ் என்கிறோம். மருத்துவமனையிலேயே இருந்துவரும் குழந்தைகளிடம் இது பெரும்பாலும் பிரிவுக்குள் பெற்ற தொற்றே. தோலில் வாழும் ஸ்டெபைலோகாக்கஸ் வகைகள், கிளெப்சியெல்லா, ஈ. கோலை, அசினெட்டோபாக்டர், சூடோமோனாஸ், கேண்டிடா பூஞ்சை ஆகியவையே இதன் முக்கியக் காரணிகள். இவை தாமாகப் பறந்து வருவதில்லை. கைகளிலும், ஈரமான இடங்களிலும், பகிர்ந்து பயன்படுத்தும் பொருள்களிலும் ஏறித்தான் ஒரு குழந்தையிடமிருந்து மற்றொரு குழந்தைக்குச் செல்கின்றன.

படி 1: கைகள்

பிரிவுக்குள் நுழையும்போது கைக்கடிகாரம், மோதிரம், வளையல் ஆகியவற்றைக் கழற்றிவிட வேண்டும். சட்டைக் கை முழங்கைக்கு மேல் இருக்க வேண்டும். நகங்கள் ஒட்ட வெட்டப்பட்டிருக்க வேண்டும். செயற்கை நகம், நகப்பூச்சு இரண்டும் கூடாது. இது அழகு பற்றிய கண்டிப்பு அன்று. 1997–98இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரில் ஒரு பச்சிளங்குழந்தைப் பிரிவில் சூடோமோனாஸ் பரவியபோது நடந்த விசாரணையில், நீண்ட நகமும் செயற்கை நகமும் வைத்திருந்த செவிலியர்களின் கைகளோடு அத்தொற்றுக்குத் தொடர்பு இருந்தது தெரியவந்தது. அந்தப் பரவலில் தொற்றுக்கு ஆளான 46 குழந்தைகளில் 16 பேர் இறந்தனர்.

பணி தொடங்கும்போதும், கையில் அழுக்கோ இரத்தமோ உடல் திரவமோ கண்ணுக்குத் தெரியும்போதும் சோப்பும் நீரும் கொண்டு 40 முதல் 60 விநாடிகள் கழுவ வேண்டும். மற்ற எல்லா வேளைகளிலும் ஆல்கஹால் கலந்த ஹேண்ட் ரப் போதும், அதுவே சிறந்ததும்கூட. உள்ளங்கை நிறைய எடுத்து, விரல் நுனிகள், கட்டை விரலின் அடிப்பகுதி, விரல் இடுக்குகள் எல்லாம் நனையும்படி 20 முதல் 30 விநாடிகள், கை தானாக உலரும்வரை தேய்க்க வேண்டும். விரல் நுனியும் கட்டை விரலும்தான் வழக்கமாக விட்டுப்போகின்றன. குழந்தையைத் தொடுவதும் அவைதான்.

உலக சுகாதார நிறுவனம் வகுத்த ஐந்து தருணங்களை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள்: குழந்தையைத் தொடும் முன், கிருமி நீக்கிய செயலைத் தொடங்கும் முன், உடல் திரவம் பட வாய்ப்புள்ள செயலுக்குப் பின், குழந்தையைத் தொட்ட பின், அதன் சுற்றுப்புறத்தைத் தொட்ட பின். இன்குபேட்டர் இருக்கும் இடத்தில் இவற்றை எப்படிப் பிரித்தறிவது என்பதில்தான் குழப்பம் வருகிறது. இன்குபேட்டரின் உட்பகுதி முழுவதையும் குழந்தையின் உடலாகவே கருதுங்கள். அதன் வெளிச்சுவர், மானிட்டர், சிரிஞ்சு பம்ப், குறிப்பேடு ஆகியவை வெளியுலகம். ஆகவே முதலில் தேவையான பொருள்களை எடுத்து வைத்து, மானிட்டரில் செய்ய வேண்டியதைச் செய்து முடித்து, கதவின் தாழைத் திறந்துவிட்டு, அதன் பிறகு ஹேண்ட் ரப் இட்டு, கை உலர்ந்ததும் நேராக உள்ளே கையை விட வேண்டும். முழங்கையால் தட்டினால் திறக்கும் கதவாக இருந்தால் இன்னும் நல்லது. நடுவில் அலாரம் ஒலிக்க, ஒரு கையை வெளியே எடுத்து மானிட்டரின் பொத்தானை அழுத்தினால், அந்தக் கை மீண்டும் உள்ளே போகும் முன் ஹேண்ட் ரப் கட்டாயம். நெரிசலான பணி நேரத்தில் மிக அதிகமாகத் தவறவிடப்படும் தருணம் இது என்பதால், அருகிலிருக்கும் சக செவிலியரை அலாரத்தைப் பார்க்கச் சொல்லும் பழக்கத்தைப் பிரிவு முழுவதும் ஏற்படுத்த வேண்டும்.

கையுறை கைத்தூய்மைக்கு மாற்றாகாது. கையுறை அணியும் முன்னும் கழற்றிய பின்னும் ஹேண்ட் ரப் தேவை. ஒரே கையுறையோடு டயப்பரை மாற்றிவிட்டு வாய்க்குழாயைத் தொடுவது வெறுங்கையால் செய்வதைவிடக் கேடானது, ஏனெனில் கையுறை அணிந்தவருக்குத் தன் கை அழுக்காகிவிட்டது என்ற உணர்வே வருவதில்லை. ஒரு பணி நேரத்தில் எண்ணற்ற முறை ஹேண்ட் ரப் இடுவதால் வெடித்துப்போகும் தோலில் கிருமிகள் அதிகம் தங்கும் என்பதால், செவிலியர்களுக்குக் கை களிம்பு தருவதும் தொற்றுத் தடுப்புச் செலவுதான். திரவச் சோப்புப் புட்டியில் எஞ்சியிருப்பதன் மேலேயே புதிதாக ஊற்றி நிரப்பக் கூடாது.

படி 2: தொடுதல்களைத் தொகுத்தல்

வெப்பநிலை பார்த்தல், டயப்பர் மாற்றுதல், நிலை மாற்றிப் படுக்க வைத்தல், வாய்ப் பராமரிப்பு, பாலூட்டுதல் ஆகியவற்றை வெவ்வேறு நேரங்களில் செய்தால் ஒவ்வொன்றுக்கும் இன்குபேட்டர் திறக்கிறது. அவற்றை ஒரே வேளையில் தொகுத்து, தூய்மையான செயலில் தொடங்கி அழுக்கான செயலில் முடியும் வரிசையில் செய்ய வேண்டும்: முதலில் கண், வாய், குழாய் பொருத்திய இடங்கள், கடைசியில் டயப்பர். இடையில் கை மாறினால் மறுபடியும் ஹேண்ட் ரப். குழந்தை சோர்ந்து, இதயத்துடிப்பு குறைந்தால் தொகுத்ததைப் பிரித்துக்கொள்ளலாம், தொகுப்பது குழந்தைக்காகத்தானே. இரத்தப் பரிசோதனைகளையும் மருத்துவரோடு பேசி ஒரே குத்தில் எடுக்கும்படி நேரத்தை அமைக்க வேண்டும். காலை 6 மணிக்குச் சர்க்கரை அளவுக்கு ஒரு குத்து, 7 மணிக்கு மஞ்சள் காமாலையைக் காட்டும் பிலிரூபின் அளவுக்கு இன்னொரு குத்து என்ற நிலையை மாற்றச் செவிலியர் கேட்டாலே போதும்.

படி 3: தோல்

தோலே குழந்தையின் முதல் காவல். 28 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தையின் தோலில் ஒட்டிய டேப்பை வேகமாக இழுத்தால் மேலடுக்கும் சேர்ந்து வந்துவிடும். அப்படி உரிந்த இடம் கிருமிக்குத் திறந்த வாசல். டேப்பின் அளவைக் குறைக்க வேண்டும். குழாயைப் பொருத்தும் இடத்தில் டேப்புக்கு அடியில் தோலைக் காக்கும் ஹைட்ரோகொலாய்டு துண்டை வைக்கலாம். எடுக்கும்போது ஈரமான பஞ்சால் நனைத்து, தோலை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, தோலோடு படிந்தவாறே மெல்ல மடித்து உரிக்க வேண்டும். மேல்நோக்கித் தூக்கி இழுக்கக் கூடாது.

தோலைத் தூய்மைப்படுத்தும் மருந்தில் இரு பக்கமும் ஆபத்து உண்டு. குளோர்ஹெக்சிடின் நன்கு கிருமியைக் கொல்லும். ஆனால் மிகக் குறைமாதக் குழந்தைகளில், குறிப்பாக ஆல்கஹால் கலந்த கரைசலில், அது தோலைச் சுட்டுப் புண்ணாக்கியிருக்கிறது. ஆகவே தேவையான அளவு மட்டும் தொட்டுத் தடவி, முதுகுக்கு அடியிலும் தொடை இடுக்கிலும் வழிந்து தேங்காமல் பார்த்து, குறைந்தது 30 விநாடிகள் உலரவிட்டு, வேலை முடிந்ததும் எஞ்சியதைக் கிருமி நீக்கிய நீரால் துடைத்துவிட வேண்டும். நனைந்த விரிப்பை உடனே மாற்ற வேண்டும். கருவாரத்துக்கு ஏற்ற கரைசல் எது என்பதைப் பிரிவின் நெறிமுறை எழுத்தில் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். பச்சிளங்குழந்தைகளைக் குளிப்பாட்ட ஒரு காலத்தில் பரவலாகப் பயன்பட்ட ஹெக்சாகுளோரோஃபீன், தோல் வழியே உட்கிரகிக்கப்பட்டு மூளையைப் பாதிப்பது தெரிந்ததால் 1970களின் தொடக்கத்தில் கைவிடப்பட்டது. இந்தத் தோல் எதையும் வெளியே நிறுத்தி வைக்காது என்பதற்கு அதுவே சான்று.

படி 4: மையச் சிரைக் குழாய்

இந்தப் பிரிவில் இரத்தத் தொற்றின் தலையாய காரணம் தொப்புள் கதீட்டரும், கை கால் சிரை வழியே உள்ளே ஏற்றும் நீண்ட கதீட்டருமாகிய மையச் சிரைக் குழாய்கள்தான். ஆகவே இந்தப் படியில் மற்றவற்றைவிடக் கூடுதல் நேரம் நிற்க வேண்டியிருக்கிறது.

பொருத்தும்போது மருத்துவர் அல்லது பயிற்சி பெற்ற செவிலியர் தொப்பி, முகக்கவசம், கிருமி நீக்கிய மேலங்கி, கையுறை அணிந்து, பெரிய கிருமி நீக்கிய விரிப்பால் குழந்தையை மூடிச் செய்ய வேண்டும். அருகில் ஒரு செவிலியர் சரிபார்ப்புப் பட்டியலோடு நிற்க வேண்டும். அவருக்கு அந்த நேரத்தில் வேறு வேலை இருக்கக் கூடாது. கையுறை இன்குபேட்டரின் விளிம்பில் உரசியதைக் கண்டால் "டாக்டர், கையுறை தொட்டுவிட்டது, மாற்றிக்கொள்ளுங்கள்" என்று அவர் சொல்ல வேண்டும். அதைக் கேட்டு மூத்த மருத்துவரும் நிறுத்த வேண்டும். இந்த அதிகாரத்தைப் பிரிவின் தலைவர் எல்லோர் முன்னிலையிலும் வாய்விட்டு அறிவித்திருக்க வேண்டும். அறிவிக்காத இடத்தில் பட்டியல் எவ்வளவு நன்றாக அச்சிடப்பட்டிருந்தாலும் இளம் செவிலியர் வாய் திறக்க மாட்டார்.

பொருத்திய பின் தொற்று பெரும்பாலும் ஹப் வழியாகவே, அதாவது சிரிஞ்சை இணைக்கும் கதீட்டரின் வெளிமுனை வழியாகவே, நுழைகிறது. ஹப்பைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் பின்வருமாறு செய்ய வேண்டும். கைத்தூய்மை முடித்து, கையுறை அணிந்து, ஹப்புக்கு அடியில் கிருமி நீக்கிய துணித்துண்டை விரிக்க வேண்டும். 70% ஆல்கஹாலிலோ ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்சிடினிலோ நனைந்த பட்டையால் ஹப்பின் முகப்பையும் திருகு வரிப் பக்கங்களையும் அழுத்தித் திருகித் திருகி 15 விநாடிகள் தேய்க்க வேண்டும்; மேலோட்டமாக ஒருமுறை துடைப்பது தேய்த்தலாகாது. பிறகு முழுதும் உலரும்வரை கையில் பிடித்தபடியே காத்திருக்க வேண்டும். ஆல்கஹால் உலரும் அந்த நேரத்திலும் கிருமிகள் இறந்துகொண்டிருக்கின்றன. ஈரமாக இருக்கும்போதே சிரிஞ்சை இணைத்தால் தேய்த்த பயன் பாதி போய்விடும். ஊதி உலர்த்துவதும் கையுறையால் தட்டி உலர்த்துவதும் கூடாது. தேய்த்த ஹப் விரிப்பிலோ குழந்தையின் மேலோ பட்டுவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

திறக்கும் எண்ணிக்கையைக் குறைப்பது இதைவிட முக்கியம். மருந்துகளின் நேரங்களைச் சேர்த்து அமைக்கலாம். வாய் வழியே கொடுக்கக்கூடிய மருந்தை மாற்றித் தரும்படி கேட்கலாம். நீண்ட கதீட்டர் வழியே பரிசோதனைக்கு இரத்தம் எடுப்பதைத் தவிர்க்கலாம். தொடர்ந்து ஓடும் சாதாரணத் திரவத்துக்கான டிரிப் செட்டை 96 மணி நேரத்துக்கு முன் மாற்ற வேண்டியதில்லை. அடிக்கடி மாற்றினால் தொற்று குறையும் என்று எண்ணுவது தவறு, ஏனெனில் ஒவ்வொரு மாற்றமும் ஒரு திறப்பு. கொழுப்புக் கரைசலான லிப்பிட் செல்லும் செட்டை மட்டும் 24 மணி நேரத்துக்குள்ளும், இரத்தம் ஏற்றிய செட்டை ஏற்றி முடித்த உடனேயும் மாற்ற வேண்டும். லிப்பிடில் கிருமிகள் மிக வேகமாகப் பெருகும்.

ஒட்டியிருக்கும் ஒளி ஊடுருவும் டிரெசிங்கைப் பெரியவர்களுக்குச் செய்வதுபோல் நாள் குறித்து மாற்ற வேண்டாம். மாற்றும்போது கதீட்டர் நகர்ந்துவிடும் ஆபத்தும் தோல் உரியும் ஆபத்தும் இந்தக் குழந்தைகளில் பெரிது. டிரெசிங் தளர்ந்தாலோ, ஈரமானாலோ, அழுக்கானாலோ உடனே இருவராகச் சேர்ந்து மாற்ற வேண்டும். தொப்புள் கதீட்டர் இருக்கும் இடத்தில் ஆன்டிபயாட்டிக் களிம்பு தடவக் கூடாது. அது பூஞ்சைத் தொற்றுக்கும் மருந்துக்கு அடங்காத கிருமிக்கும் இடம் கொடுக்கும்.

இனி அகற்றுதல். நாள்தோறும் மருத்துவர்கள் சுற்றி வரும்போது, ஒவ்வொரு குழந்தையின் முன்னும் செவிலியரே இந்தக் கேள்வியை எழுப்ப வேண்டும்: "இந்தக் குழாய் பொருத்தி இன்று எத்தனையாவது நாள், இன்று இது எதற்குத் தேவை?" "இருக்கட்டும், தேவைப்படலாம்" என்பது காரணமாகாது. தொப்புள் கதீட்டர்களை 7 நாள்களுக்குள் எடுத்துவிடுவதை இலக்காக வைக்க வேண்டும். குழந்தை போதிய அளவு பாலைத் தாங்கத் தொடங்கியதும் நீண்ட கதீட்டரையும் எடுப்பதற்கான பேச்சைத் தொடங்கிவிட வேண்டும். எவ்வளவு பக்குவமாகப் பராமரித்தாலும் உடலில் இருக்கும் குழாய் தொற்றின் வாய்ப்பைத் தாங்கியே இருக்கிறது. எடுத்துவிட்ட குழாயால் தொற்று வராது.

கை கால் சிரைகளில் போடும் குட்டைக் குழாயான சாதாரண கேனுலாவை மறந்துவிடக் கூடாது. திரவம் ஓடும் இடத்தை மணிக்கு ஒருமுறை கண்ணால் பார்த்து, விரலால் மெல்லத் தொட்டு, வீக்கமோ சிவப்போ வெளிறலோ தெரிந்தால் அப்போதே நிறுத்தி எடுக்க வேண்டும். டேப்பை அடுக்கடுக்காகச் சுற்றி அந்த இடத்தை மறைப்பது கண்ணைக் கட்டிக்கொள்வதற்குச் சமம்.

படி 5: மருந்தும் திரவமும் கலக்குதல்

குழந்தைக்கு வேண்டியது மிகச் சிறிய அளவு, மருந்துக் குப்பியில் இருப்பதோ பல மடங்கு. இந்த வேறுபாடுதான் ஒரே குப்பியைப் பல குழந்தைகளுக்குப் பங்கிடும் பழக்கத்தை உண்டாக்குகிறது. ஒரு குப்பி கெட்டால் ஒரே நாளில் பல குழந்தைகள் தொற்றுக்கு ஆளாவார்கள். ஒரே முறை பயன்படுத்த வேண்டிய குப்பி ஒரு குழந்தைக்கு மட்டுமே. பங்கிட்டே தீர வேண்டும் என்றால் அதை மருந்தகத்தில், கிருமி நீக்கிய சூழலில், தனித்தனிச் சிரிஞ்சுகளாக நிரப்பித் தரச் செய்ய வேண்டும். படுக்கையருகே செய்யக் கூடாது. சிரைக் குழாயைக் கழுவுவதற்கான சலைன் (உப்புநீர்) புட்டியில் ஊசியைக் குத்தி வைத்து நாள் முழுவதும் உறிஞ்சிக்கொள்வது கண்டிப்பாக நிறுத்த வேண்டிய வழக்கம். சிரை வழியே உணவாகத் தரும் திரவங்களை மருந்தகமே தயாரித்துத் தர வேண்டும். படுக்கையருகே அதில் எதையும் சேர்க்கக் கூடாது. வார்டில் மருந்து தயாரிக்கும் மேசை சிங்க்கிலிருந்து குறைந்தது ஒரு மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். நீர்த்துளி தெறிக்கும் தூரத்தில் தட்டை வைத்தால் சிங்க்கில் வாழும் கிருமி தட்டுக்கு வந்துவிடும்.

படி 6: மூச்சுக்குழாயும் வென்டிலேட்டரும்

குழாயை எவ்வளவு விரைவில் எடுக்க முடிகிறதோ அவ்வளவு நல்லது என்ற விதி இங்கும் பொருந்தும். மூக்கு வழியே காற்றழுத்தம் தரும் சிபாப் முறைக்கு மாற்ற முடியுமா என்று நாள்தோறும் கேட்க வேண்டும். பச்சிளங்குழந்தைக்கு வைக்கும் குழாயில் பெரும்பாலும் காற்றுப்பை கிடையாது; வாயில் ஊறும் சளியும் எச்சிலும் குழாயின் பக்கவாட்டில் நுரையீரலுக்கு இறங்கும். ஆகவே தலைப்பகுதியை 15 முதல் 30 பாகை உயர்த்தி வைக்க வேண்டும். வாயை முறையாகச் சுத்தம் செய்ய வேண்டும். அதற்குத் தாயின் சீம்பாலின் சில துளிகளைக் கன்னத்தின் உட்பக்கத்தில் தடவுவது மிக நல்ல வழி.

சளி உறிஞ்சுதலை மணிக்கணக்கு வைத்துச் செய்யாமல், ஒலியும் ஆக்சிஜன் அளவும் தேவையைக் காட்டும்போது மட்டும் செய்ய வேண்டும். முதலில் குழாய், பிறகு வாய், கடைசியில் மூக்கு என்பது வரிசை. வாயில் விட்ட கதீட்டர் மீண்டும் குழாய்க்குள் போகக் கூடாது. வென்டிலேட்டர் குழல்களில் தேங்கும் நீர் கிருமிகளின் குளம். குழந்தையைத் திருப்பும் முன் அதைக் குழந்தைக்கு எதிர்த்திசையில் வடித்துவிட வேண்டும். குழல் தொகுதியை அழுக்கானாலோ பழுதானாலோ மட்டும் மாற்றினால் போதும்.

படி 7: தாய்ப்பாலும் தாயின் தோலும்

தொற்றுத் தடுப்பு பற்றிய பயிற்சிகளில் தாய்ப்பால் கடைசிப் பக்கத்தில் ஒரு வரியாக வருவது எனக்கு ஏற்புடையதன்று. பெற்ற தாயின் பால் குடல் அழற்சியையும் தாமதமாகத் தோன்றும் செப்சிஸையும் குறைக்கிறது. பால் விரைவில் ஏறினால் சிரைக் குழாயும் விரைவில் வெளியே வரும். பிறந்த முதல் சில மணி நேரத்துக்குள் தாயைப் பால் பீய்ச்சத் தொடங்கச் செய்து, பிறகு ஒரு நாளைக்கு 8 முறையாவது தொடர உதவ வேண்டும். தாய் கையைக் கழுவ, பம்பின் பகுதிகளை ஒவ்வொரு முறையும் வெந்நீரும் சோப்பும் கொண்டு கழுவிக் கிருமி நீக்கி, தூய்மையான இடத்தில் முற்றிலும் உலர வைக்கக் கற்றுத்தர வேண்டும். ஈரத்தோடு மூடிவைத்த புட்டியில் கிருமி பெருகும். 4 டிகிரி செல்சியஸில் வைத்த புதிய பாலை 96 மணி நேரத்துக்குள் பயன்படுத்தலாம். உறையவைத்து உருக்கிய பாலை 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும், மீண்டும் உறையவைக்கக் கூடாது. பெயர்ச்சீட்டை இருவர் சரிபார்த்த பிறகே பாலைக் கொடுக்க வேண்டும். பம்ப் வழியே தொடர்ந்து பால் செல்லும்போது சிரிஞ்சை 4 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

பால் பவுடர் கிருமி நீக்கப்பட்ட பொருள் அன்று. அதில் குரோனோபாக்டர் என்ற கிருமி இருக்க வாய்ப்புண்டு. அது குறைமாதக் குழந்தைக்கு மூளைக்காய்ச்சலை உண்டாக்கக்கூடியது. தாய்ப்பாலோ தானப்பாலோ இல்லாத நிலையில் தயார்நிலைத் திரவப் பால் கிடைத்தால் அதையே தேர்ந்தெடுக்க வேண்டும். பவுடரைத் தவிர்க்க முடியாவிட்டால் 70 டிகிரிக்குக் குறையாத சூடான நீரில் கலக்கி, உடனே ஆற்றி, உடனே பயன்படுத்த வேண்டும்.

கங்காரு பராமரிப்பு 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் தொடங்கியது. இன்குபேட்டர் பற்றாக்குறையும் தொற்றும் சூழ்ந்திருந்த மருத்துவமனையில், குழந்தையைத் தாயின் மார்போடு தோல் படும்படி வைப்பதே அங்கு எடுக்கப்பட்ட முடிவு. தாயின் தோலில் வாழும் நுண்ணுயிர்கள் குழந்தையிடம் குடியேறுவது பிரிவின் கிருமிகள் குடியேறுவதைவிடப் பன்மடங்கு நல்லது. சிபாப் இருக்கிறது, கதீட்டர் இருக்கிறது என்பதற்காக மறுக்கத் தேவையில்லை. குழாய்களைப் பாதுகாப்பாகப் பொருத்தி, ஒரு செவிலியர் உடனிருந்து மாற்றினால் பெரும்பாலான குழந்தைகளுக்கு முடியும். உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட பரிந்துரை, பிறந்த உடனேயே இதைத் தொடங்கச் சொல்கிறது. தாயையும் தந்தையையும் பார்வையாளர்களாக நடத்தும் பிரிவு, தன்னிடமுள்ள சிறந்த தடுப்பு முறையைக் கதவுக்கு வெளியே நிறுத்தி வைக்கிறது.

உள்ளே வரும் எல்லோருக்கும் மேலங்கி போடச் சொல்வதால் தொற்று குறைவதாகச் சான்று இல்லை. கையைச் சரியாகத் தேய்க்கக் கற்றுத்தருவதும், கைபேசியை வெளியே வைக்கவோ துடைத்துவிட்டுப் பயன்படுத்தவோ சொல்வதும் பயன் தரும். சளி, காய்ச்சல், உதட்டில் அக்கிக் கொப்புளம், வயிற்றுப்போக்கு உள்ளவர்கள், செவிலியர் உட்பட, குழந்தைகளின் அருகே வரக் கூடாது. உடல்நலமில்லாத செவிலியர் விடுப்புக் கேட்கத் தயங்காத நிலையைப் பொறுப்பாளர் உருவாக்க வேண்டும்.

படி 8: இன்குபேட்டரும் நீரும் சுற்றுப்புறமும்

ஸ்டெதஸ்கோப், வெப்பமானி, அளவு நாடா ஆகியவை ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியாக இருக்க வேண்டும். எடை பார்க்கும் தட்டைப் போன்ற பகிர வேண்டிய பொருள்களை ஒவ்வொரு குழந்தைக்கும் இடையே துடைக்க வேண்டும். குழந்தை இருக்கும்போது இன்குபேட்டரை மிதமான டிடர்ஜென்ட் நீரால் துடைக்கலாம். கிருமிநாசினி கொண்டு முழுமையாகக் கழுவுவதைக் குழந்தையை வேறு இன்குபேட்டருக்கு மாற்றிய பிறகே, கைப்பிடி வளையம், ரப்பர் விளிம்பு, மெத்தை, விசிறி எல்லாவற்றையும் பிரித்துச் செய்ய வேண்டும். நீண்ட நாள் தங்கும் குழந்தையை ஏறத்தாழ வாரம் ஒருமுறை தூய இன்குபேட்டருக்கு மாற்றுவது நல்ல வழக்கம். பினாயில் வகைக் கிருமிநாசினிகளை இன்குபேட்டரிலும் தொட்டிலிலும் ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. அவை குழந்தைகளின் இரத்தத்தில் பிலிரூபின் அளவை உயர்த்தியிருக்கின்றன. மெத்தையின் உறை கிழிந்திருந்தால் துடைத்துப் பயனில்லை, மாற்ற வேண்டும். ஈரப்பதத் தொட்டியில் கிருமி நீக்கிய நீரை மட்டும் ஊற்றி, 24 மணி நேரத்துக்கு ஒருமுறை முழுவதும் கொட்டிவிட்டு நிரப்ப வேண்டும்.

குழாய்நீர் தூய்மையானது என்று நம்பிவிடக் கூடாது. 2011 இறுதியிலும் 2012 தொடக்கத்திலும் வட அயர்லாந்தின் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் சூடோமோனாஸ் பரவிக் குழந்தைகள் இறந்தபோது, சிங்க்குகளின் குழாய்களில் அக்கிருமி இருந்தது கண்டறியப்பட்டது. சிங்க்கைக் கை கழுவ மட்டுமே பயன்படுத்த வேண்டும்; எஞ்சிய பால், மருந்து, குழந்தையைத் துடைத்த நீர் ஆகியவற்றை அதில் ஊற்றினால் வடிகுழாயில் வாழும் கிருமிக்கு நாமே உணவிடுகிறோம். குழந்தையின் தோலைத் துடைக்கக் கிருமி நீக்கிய நீரையே, குறிப்பாக மிகக் குறைமாதக் குழந்தைகளுக்கு, பயன்படுத்த வேண்டும். ஸ்கேன் ஜெல்லும் கிருமி நீக்கிய, ஒருமுறை பயன்படுத்தும் பொட்டலமாகவே இருக்க வேண்டும்.

படுக்கைகள் நெருங்கி, செவிலியர்கள் குறையும்போது தொற்று ஏறுகிறது. தீவிர நிலையில் இருக்கும் ஒன்று அல்லது இரண்டு குழந்தைகளுக்கு ஒரு செவிலியர் என்ற அளவு குலைந்தால் கைத்தூய்மைதான் முதலில் விட்டுப்போகும். இதைச் செவிலியரின் ஒழுக்கக் குறைவாகக் காட்டுவது அநீதி. பொறுப்பாளர் ஒவ்வொரு பணி நேரத்திலும் குழந்தை எண்ணிக்கையையும் செவிலியர் எண்ணிக்கையையும் எழுதி வைத்து, தொற்றுப் பதிவேட்டோடு சேர்த்து நிர்வாகத்தின் முன் வைக்க வேண்டும்.

படி 9: முன்கூட்டியே கண்டறிதல்

பச்சிளங்குழந்தையின் செப்சிஸ் காய்ச்சலோடு வருவது குறைவு. மூச்சு நிற்றல் அதிகரித்தல், இதயத்துடிப்பு அடிக்கடி குறைதல், உடல் வெப்பம் ஏறி இறங்குதல், பால் செரிக்காமை, வயிறு உப்புதல், தோல் திட்டுத்திட்டாக வெளிறுதல், அழுத்திய இடத்தில் நிறம் திரும்ப 3 விநாடிக்கு மேல் ஆதல், சர்க்கரை அளவு மாறுதல் ஆகியவை அறிகுறிகள். இவற்றுக்கெல்லாம் முன்னதாக, "நேற்று டயப்பர் மாற்றும்போது காலை உதைத்தாள், இன்று அப்படியே கிடக்கிறாள்" என்று செவிலியருக்குத் தோன்றும். அந்த உணர்வை நேரத்தோடு குறித்து, மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அதைச் செவிமடுப்பது மருத்துவரின் கடமை.

இரத்த வளர்ப்புப் பரிசோதனைக்குப் புதிதாகக் குத்திய சிரையிலிருந்து, தோலைத் தூய்மை செய்து உலரவிட்ட பின், குறைந்தது 1 மி.லி. எடுக்க வேண்டும். குறைவாக எடுத்தால் கிருமி இருந்தும் வளராமல் போகலாம். கவனமின்றி எடுத்தால் தோலின் கிருமி வளர்ந்து, தேவையற்ற ஆன்டிபயாட்டிக் நாள்கணக்கில் ஓடும். ஆன்டிபயாட்டிக் தொடங்கிய நேரத்தைப் பலகையில் எழுதி, 36 முதல் 48 மணி நேரத்தில் "முடிவு என்ன, நிறுத்தலாமா?" என்று கேட்பதும் செவிலியரின் வேலைதான். நீண்ட ஆன்டிபயாட்டிக் பூஞ்சைத் தொற்றையும் மருந்துக்கு அடங்காத கிருமிகளையும் வளர்க்கும். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மருந்துகளும் தொற்றை அதிகரிக்கக்கூடியவை என்பதால் அவற்றுக்கும் இதே கேள்வி பொருந்தும்.

படி 10: எண்ணுதலும் பரவலை எதிர்கொள்ளுதலும்

ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில், மையக் குழாய் உள்ள குழந்தைகளை எண்ணி எழுத வேண்டும். மாதத்தின் கூட்டுத்தொகையே குழாய் நாள்கள். அம்மாதத்தில் குழாய் சார்ந்த இரத்தத் தொற்றுகளின் எண்ணிக்கையைக் குழாய் நாள்களால் வகுத்து 1000ஆல் பெருக்கினால் விகிதம் கிடைக்கும். எடுத்துக்காட்டாக 300 குழாய் நாள்களில் 2 தொற்று எனில் விகிதம் 6.7. சிறிய பிரிவில் மாத விகிதம் தாறுமாறாக ஏறி இறங்கும் என்பதால், "கடைசித் தொற்று வந்து எத்தனை நாள்" என்ற எண்ணையும் பலகையில் எழுதுவது எல்லோருக்கும் எளிதில் புரியும். தொற்று வந்த ஒவ்வொரு முறையும், ஒரு வாரத்துக்குள் அந்தக் குழாயின் வரலாற்றை எல்லோரும் சேர்ந்து பார்க்க வேண்டும்: யார் பொருத்தினார், எத்தனை முறை திறந்தோம், எந்த நாளில் எடுத்திருக்கலாம். குற்றவாளியைத் தேடும் கூட்டமாக அது மாறினால் அடுத்த முறை யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள்.

குறுகிய காலத்துக்குள் இரண்டு குழந்தைகளுக்கு ஒரே கிருமி வந்தால், மூன்றாவது வரும்வரை காத்திருக்க வேண்டாம். அன்றே தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுவுக்குச் சொல்ல வேண்டும். வளர்ந்த கிருமி மாதிரிகளை ஆய்வகம் அழித்துவிடாமல் ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும்படி கேட்க வேண்டும். தொற்றிய குழந்தைகளையும் நோய் தோன்றாமல் கிருமி மட்டும் குடியேறிய குழந்தைகளையும் ஓரிடத்தில் சேர்த்து, அவர்களுக்கென்று தனிச் செவிலியர்களை ஒதுக்க வேண்டும். ஒரே செவிலியர் இரு பக்கமும் ஓடினால் பிரித்து வைத்ததில் பொருளில்லை. அவர்கள் அனைவருக்கும் பொதுவாகப் பயன்பட்ட குப்பி, ஜெல், வென்டிலேட்டர், சிங்க், பால் பம்ப் ஆகியவற்றைப் பட்டியலிட்டுப் பார்க்க வேண்டும். புதிய சேர்க்கையைக் குறைக்க வேண்டுமா என்பதை அன்றே முடிவு செய்ய வேண்டும். பெற்றோருக்குச் செய்தி வராந்தாவில் காதில் விழும் முன், அவர்களை உட்கார வைத்து, என்ன கிருமி, அவர்கள் குழந்தையின் நிலை என்ன, பிரிவு என்ன செய்கிறது, அவர்கள் வருவதிலும் பால் தருவதிலும் எது மாறும், எது மாறாது என்று குழந்தையைப் பார்க்கும் செவிலியரும் மருத்துவரும் சேர்ந்து சொல்ல வேண்டும்.